வெல்லத்தின் நிறமும் விலையும்: கொங்கு நாட்டு ஆலைகளில் ஹைட்ரோஸ்

கரும்புச் சாற்றைக் காய்ச்சி, நீரை வற்றவிட்டு, பாகில் எதையும் பிரித்தெடுக்காமல் அப்படியே இறுகவைத்தால் கிடைப்பது வெல்லம். வெள்ளைச் சர்க்கரை ஆலையில் பாகிலிருந்து படிகங்கள் தனியாகவும், மொலாசஸ் என்னும் கரும்பாகு தனியாகவும் பிரிந்துவிடுகின்றன. வெல்லத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அதன் மணம், மெல்லிய கரிப்பு, தாது உப்புகள், பழுப்பு நிறம் எல்லாம் அந்தக் கரும்பாகிலிருந்து வருபவை. வெல்லம் பழுப்பாக இருப்பது அதன் இயல்பு. கடந்த சில பத்தாண்டுகளாகச் சந்தை கேட்பதோ வெளிர் மஞ்சள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஹைட்ரோஸ் என்னும் வெளுக்கும் பொடி வந்து நுழைந்தது.

தமிழ்நாட்டின் வெல்ல உற்பத்தியில் கொங்கு வட்டாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கீழ்பவானிப் பாசனத்தை நம்பிய கவுந்தப்பாடி, ஈரோட்டை ஒட்டிய சித்தோடு, காவிரிக் கரையில் ராஜவாய்க்கால் பாயும் ஜேடர்பாளையம், அதனருகே பிலிக்கல்பாளையம், சேலம் மாவட்டத்தில் ஓமலூர்ப் பக்கம் எனக் கரும்பு விளையும் இடங்களில் ஆலைக்கொட்டகைகள் இருக்கின்றன. அச்சு வெல்லமும் உருண்டை வெல்லமும் 30 கிலோ சிப்பமாகவும், நாட்டுச் சர்க்கரை 60 கிலோ மூட்டையாகவும் ஏலத்துக்கு வருகின்றன. பழனி தண்டாயுதபாணி கோயிலின் பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொள்முதலாகிறது. அந்தப் பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. கரும்பு இனப்பெருக்கத்தைப் பொறுத்தவரை இந்தியாவின் தலைமையகமே கோயம்புத்தூர்தான். 1912-ல் இங்கே தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம், 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் ஆற்றோரம் வளரும் காட்டுக் கரும்பையும் இணைத்து கோ 205 என்ற ரகத்தை உருவாக்கியது. இன்று தென்னிந்திய வயல்களில் பரவலாக நிற்கும் கோ 86032 ரகமும் இதே நிலையத்தின் படைப்பு. அது வெல்லத்துக்கும் ஏற்ற ரகம்.

ஆலைக்கொட்டகையில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் நிறத்தின் கதை விளங்கும். பிழிந்த சாறு பெரிய இரும்புக் கொப்பரைக்கு வருகிறது. அடுப்புக்கு விறகு, சாறு பிழிந்து வெயிலில் காய்ந்த கரும்புச் சக்கை. சாறு சூடேறும்போது அதிலுள்ள புரதம், மெழுகு, மண் துகள் எல்லாம் திரண்டு அழுக்காக மேலே மிதக்கும். அந்த நேரத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர் ஊற்றுவார்கள். புதுச் சாற்றின் காரகாடித்தன்மை எண் 5.2-ஐ ஒட்டி இருக்கும். சுண்ணாம்பு அதை 6-க்கு மேல் உயர்த்துவதால், சர்க்கரை உடைவது குறைந்து அழுக்கும் நன்றாகத் திரளும். திரண்டதை அரிப்பால் வாரி எடுத்துவிட வேண்டும். இடித்து ஊறவைத்த வெண்டைத் தண்டின் வழவழப்பான சாறும் அழுக்கைக் கட்டி மேலே கொண்டுவரும். பொங்கும் நுரையை அடக்கச் சில துளி ஆமணக்கெண்ணெய் போதும். பாகின் சூடு 116 முதல் 118 டிகிரி செல்சியசை எட்டும்போது வெல்லப் பதம். தேர்ந்த காய்ச்சுகாரர் ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு, அது உருளும் விதத்தைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார். இன்னும் சற்று மேலே, 120 டிகிரியைத் தாண்டவிட்டு, மரத்தொட்டியில் ஊற்றிக் கட்டையால் தேய்த்தால் பாகு பொடியாகி நாட்டுச் சர்க்கரையாகும். ஒரு டன் கரும்பு ஏறத்தாழ 100 கிலோ வெல்லம் தரும்.

இந்த வேலையில் நிறம் கூடுவதற்குக் காரணங்கள் பல. கரும்பிலேயே பாலிஃபீனால் என்னும் சேர்மங்கள் உண்டு. சாறு காற்றுப் படும்போது நொதிகள் அவற்றைக் கறுக்கவைக்கின்றன. இரும்புக் கொப்பரையிலிருந்து கரையும் இரும்பும் அவற்றோடு சேர்ந்து கருமையைக் கூட்டுகிறது. அமினோ அமிலங்களும் குளுக்கோசும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பாகின்றன. அதிகச் சூட்டில் சர்க்கரையே கருகத் தொடங்குகிறது. வயலில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டிருந்தால் சாற்றில் அமினோ அமிலம் கூடும், வெல்லம் கறுக்கும். உப்பு நீர் பாய்ந்த நிலத்துக் கரும்பில் குளோரைடும் பொட்டாசியமும் ஏறி, வெல்லம் கறுப்பதோடு நன்றாக இறுகாமலும் போகும். வெட்டிய கரும்பை நாள் கணக்கில் போட்டுவைத்தால் சர்க்கரை உடைந்து அதே கேடு வரும். ஆகவே கறுத்த வெல்லம் எப்போதும் நல்ல வெல்லம் என்று சொல்லிவிட முடியாது. மண்ணின் குறை, உரத்தின் மிகை, கருகிய பாகு எல்லாமே கருமையாகத்தான் தெரியும். ஆனால் நல்ல நிலத்தில் முற்றிய கரும்பை வெட்டி, உடனே பிழிந்து, அழுக்கைப் பொறுமையாக எடுத்துக் காய்ச்சினால் வருவது தங்கப் பழுப்பு. கடைகளில் பளிச்சென்று அடுக்கி வைக்கப்படும் எலுமிச்சை மஞ்சள் நிறம் அந்த வழியில் எளிதில் வருவதில்லை.

அந்த மஞ்சளைத் தருவது ஹைட்ரோஸ். சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்பது அதன் முழுப் பெயர். வேதியியல் நூல்கள் சோடியம் டைத்தயோனைட் என்று குறிக்கும். நெடியடிக்கும் இந்த வெண்பொடி கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. திருப்பூர், ஈரோடு வட்டாரச் சாயப்பட்டறைகளில் துணியில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தை நீக்கவும், தவறாகப் பிடித்த சாயத்தை உரிக்கவும் அன்றாடம் பயன்படும் பொருள் அது. நிறம் தரும் மூலக்கூறுகளை வேதியியல் முறையில் ஒடுக்கி நிறமற்றவையாக்குவது அதன் வேலை. சாயத்துக்குச் செய்வதைத்தான் கரும்புச் சாற்றுக்கும் செய்கிறது. கொதிக்கும் கொப்பரையில் ஒரு கைப்பிடி விழுந்ததும் சாறு சில நொடிகளில் வெளுக்கிறது. அழுக்கு எடுக்கப்படாமலே சாறு தெளிந்தது போலத் தோன்றுகிறது. காய்ச்சுகாரரின் அனுபவமும் பொறுமையும் செய்ய வேண்டிய வேலையை ஒரு பொடி செய்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள பெரிய இழப்பு. இந்த வெளுப்பு நிலைப்பதும் இல்லை. ஹைட்ரோஸ் சிதைந்து, வெல்லம் காற்றையும் ஈரத்தையும் வாங்க வாங்க, மறைந்திருந்த நிறம் சில வாரங்களில் மீண்டும் ஏறும். ஏலத்தன்று பளபளத்த சிப்பம் மழைக்காலக் கிடங்கில் மங்கிப்போவதற்கு இது ஒரு காரணம்.

விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஏலக் கூடத்தில் வெல்லத்தை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பி விலை கேட்பதில்லை. சிப்பத்தைப் பிரித்து, ஓர் உருண்டையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்து, உடைத்து, கடித்துப் பார்த்து விலை வைக்கிறார்கள். வெளுத்ததற்கு ஒரு விலை, கறுத்ததற்குக் குறைந்த விலை. வியாபாரி அப்படிக் கேட்பது, அவரிடம் வாங்கும் மளிகைக்கடை அப்படிக் கேட்பதால். கடைக்காரர் கேட்பது, வீட்டுக்கு வாங்குபவர் சுத்தம் என்பதை நிறத்தில் தேடுவதால். பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் தேவை ஒரேயடியாக எகிறும்போது இந்த நெருக்கடி உச்சத்துக்குப் போகும். 2022-ல் ரேஷன் கடைகளில் 21 பொருள்கள் கொண்ட பொங்கல் தொகுப்பு வழங்கப்பட்டபோது, வெல்லம் உருகிப் பாகாய் ஒழுகியதாக மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து புகார் எழுந்தது. உடைந்த சர்க்கரையும் ஈரமும் மிகுந்த வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்து இளகும். குறுகிய காலத்தில் பேரளவு வெல்லம் வேண்டும் என்ற நிலை வந்தால் பதத்துக்கும் தரத்துக்கும் காத்திருக்க நேரமிருக்காது.

ஹைட்ரோசுக்கு அடுத்தபடியாக, சில இடங்களில் அதைவிடவும் பெரிதாக, நடப்பது வெள்ளைச் சர்க்கரைக் கலப்பு. கொங்குப் பேச்சில் அது அஸ்கா. கரும்பின் விலையும் வெட்டுக்கூலியும் ஏறி, அஸ்காவின் விலை வெல்லத்தைவிடக் குறையும் பருவங்களில், மூட்டை மூட்டையாகக் கொப்பரையில் கொட்டுவது லாபமாகிறது. நிறமும் வெளுக்கிறது, எடையும் கூடுகிறது, பாகும் சிக்கலில்லாமல் இறுகுகிறது. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்ட ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் நடத்திய சோதனைகளில் சர்க்கரை மூட்டைகளும் ஹைட்ரோஸும் சேர்ந்தே பிடிபட்டிருக்கின்றன.

இந்தக் கலப்பைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால் கார்பன் ஐசோடோப்பு ஆய்வு காட்டிக்கொடுத்துவிடும். பூக்கும் செடிகளில் பெரும்பாலானவை ஒளிச்சேர்க்கையில் ஒரு வழியையும் கரும்பு வேறொரு வழியையும் பின்பற்றுவதால், இரண்டின் சர்க்கரையிலும் கார்பன் விகிதம் மாறுபடும். வெல்லத்திலோ, கலக்கப்படும் சர்க்கரையும் கரும்பிலிருந்து வந்ததே. அந்த ஆய்வு இங்கே பயன்படாது. கலப்பால் தாது உப்பு குறையும் என்பதால் சாம்பல் அளவையும் மின்கடத்துத் திறனையும் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் மண்ணுக்கு மண் அந்த அளவு இயல்பாகவே மாறும். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இன்னும் எளியவை: தண்ணீரில் கரைத்து அடியில் சுண்ணப்பொடி தங்குகிறதா என்று பார்ப்பது, அமிலம் விட்டு சோடா நுரைக்கிறதா என்று பார்ப்பது. அவற்றால் ஹைட்ரோஸும் தெரியாது, அஸ்காவும் தெரியாது. 'நீரில் கரைத்தால் நிறம் மாறும்', 'தேய்த்தால் தெரியும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் உத்திகளை நம்பி ஒரு வெல்லத்தைத் தூயது என்று முடிவுகட்டுவது ஆபத்து.

2006-ல் இயற்றப்பட்டு 2011-ல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் தரங்குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உடலுக்குக் கேடானது என்று நிரூபணமானால் சிறையும் உண்டு. ஹைட்ரோஸ் சிதைந்து மிஞ்சும் சல்ஃபைட்டுகள் கந்தக டை ஆக்சைடாகவே கணக்கிடப்படுகின்றன. இந்திய உணவுத் தர விதிகள் வெல்லத்தில் மிஞ்சியிருக்கலாம் என்று ஏற்ற கந்தக டை ஆக்சைடின் அளவு கிலோவுக்கு 70 மில்லிகிராம். சட்டத்தின் அளவுகோல், எவ்வளவு கொட்டினார்கள் என்பதல்ல, எவ்வளவு தங்கியது என்பது. ஆலையில் இதை அளக்கும் கருவி கிடையாது. கைப்பிடிக் கணக்கில் போடப்படும் பொடி எங்கே நிற்கும் என்று போடுகிறவருக்கே தெரியாது.

அந்த மிச்சம் உடலில் என்ன செய்யும்? இங்கே அச்சமும் உண்மையும் கலந்து கிடக்கின்றன. ஹைட்ரோஸ் வெல்லம் புற்றுநோய் தரும் என்று மேடைகளிலும் காணொளிகளிலும் அடித்துச் சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. சல்ஃபைட்டுகள் ஆஸ்துமா உள்ளோரில் ஒரு பகுதியினருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும் என்பது உறுதியாகத் தெரிந்த ஒன்று. அவர்களின் பங்கு 100-க்கு 3 முதல் 10 பேர் வரை என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைச் சல்ஃபைட்டுகள் சிதைக்கும் என்பதும் உறுதி. உணவு வழியாக நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு முன்னரே வகுத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தன் பழைய வரம்பைத் திரும்பப் பெற்று, சான்றுகள் போதவில்லை என்று எச்சரிக்கையைக் கூட்டியது.

இதை வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் வரம்பு. விதிக்கு உட்பட்ட வெல்லத்தில் 50 கிராம் சாப்பிட்டால் 3.5 மில்லிகிராம்தான் சேரும், கவலைப்பட ஏதுமில்லை. அதே அளவு வெல்லத்தில், விதியை மீறி, கிலோவுக்கு 500 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் 25 மில்லிகிராம் ஆகிவிடும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பே 10.5 மில்லிகிராம். பொங்கல் வைக்கும்போதும் பாகு காய்ச்சும்போதும் ஒரு பகுதி ஆவியாகிவிடும் என்றாலும், கச்சாயமும் ஒப்புட்டும் சர்க்கரைப் பொங்கலும் ஒரே நாளில் பரிமாறப்படும் வீட்டில் சிறு குழந்தைக்கு இந்த எல்லை தூரத்தில் இல்லை. சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தொட்டாலே பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டின் இந்திய லேபிள் விதி. ஆனால் மளிகைக்கடையில் உடைத்து எடைபோட்டுத் தாளில் மடித்துத் தரும் வெல்லத்துக்கு லேபிள் ஏது? ஆஸ்துமா உள்ள குழந்தையின் தாய்க்குத்தான் அந்தத் தகவல் மிகவும் தேவை, அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை. அதோடு, சாயப்பட்டறைக்கென்று தயாராகும் பொடி உணவுத் தரத்தில் சுத்திகரிக்கப்பட்டதல்ல. அதில் உள்ள மாசு என்னவென்பது தனிக் கவலை.

கந்தகத்துக்கு அஞ்சி வெள்ளைச் சர்க்கரையிலிருந்து வெல்லத்துக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சர்க்கரை ஆலைகள் பெரும்பாலும் கந்தகத்தை எரித்து அந்த வாயுவைச் சாற்றில் செலுத்தியே சாற்றை வெளுக்கின்றன. அங்கே அது அளவாகச் செலுத்தப்படுகிறது, படிகம் பிரிந்து கழுவப்படும்போது பெரும்பகுதி போய்விடுகிறது. ஹைட்ரோஸ் போட்ட வெல்லத்தில் எதுவும் கழுவப்படுவதில்லை. ஆகவே மஞ்சளாய் மின்னும் வெல்லம், கந்தகக் கணக்கில் வெள்ளைச் சர்க்கரையைவிட மோசமாக இருக்க முழு வாய்ப்பு உண்டு.

இத்தனைக்கும் பிறகு, கலப்படமே இல்லாத சுத்தமான வெல்லத்தைப் பற்றியும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கோவையிலும் ஈரோட்டிலும் இன்று நாட்டுச் சர்க்கரைக் காபிக்கும் கருப்பட்டிக் காபிக்கும் தனிக் கடைகள் இருக்கின்றன. நீரிழிவு உள்ளோர் கூட 'இது நாட்டுச் சர்க்கரைதானே' என்று இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறார்கள். ஹைட்ரோசைவிட இந்த நம்பிக்கையே அதிகம் பேருக்குத் தீங்கு செய்யக்கூடும். வெல்லத்தில் சுக்ரோஸ் மட்டுமே நூற்றுக்கு 65 முதல் 85 பங்கு வரை. அதோடு குளுக்கோசும் ஃப்ரக்டோசும் சேர்கின்றன. 100 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 350 கலோரி, வெள்ளைச் சர்க்கரையில் 400. இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பில் வெல்லமும் அடங்கும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு, நூற்றில் 11.4 பேருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

இரும்புச்சத்துக் கணக்கும் இப்படியே. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் வெல்லத்தில் நான்கரை மில்லிகிராமை ஒட்டி இரும்பு இருக்கிறது. ஒரு பகுதி கொப்பரையிலிருந்தே வருவது. பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். காபியில் போடும் 10 கிராம் வெல்லம் தருவது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. தாவர வழி இரும்பில் உடல் உறிஞ்சுவது சிறு பங்கு. இரத்தசோகைக்கு வெல்லத்தை மருந்தாக நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்திய கர்ப்பிணிக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. கம்பும் ராகியும் கீரையும் தரும் தாதுக்களுக்கு முன் வெல்லம் தருவது துணுக்கு. முன்பு இனிப்பு விசேஷ நாளில்தான் இலைக்கு வந்தது. தினமும் நான்கு வேளைத் தேநீரில் கரைக்கும் வழக்கம் அந்த மரபில் இல்லை.

ஹைட்ரோஸ் இல்லாமல் வெல்லம் காய்ச்சும் வழி தொலைந்துவிடவில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து மலையேறினால் வரும் மறையூரில், ஆனைமலைத் தொடரின் கேரளச் சரிவில், அடர் பழுப்பு வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கருமையே அடையாளம், அதற்கே விலை. சமவெளி வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கப்படுகிறது என்பது அவ்வூர் விவசாயிகளின் நீண்ட நாள் முறையீடு. கவுந்தப்பாடிப் பக்கமும் ஹைட்ரோஸ் போடாமல் காய்ச்சித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வெல்லம் பெரும்பாலும் ஏலக் கூடத்துக்கு வருவதில்லை. நேரே வாடிக்கையாளருக்குப் போகிறது, ஏனென்றால் ஏலத்தில் அதற்கு விலை இல்லை. பழனிக் கோயில் போன்ற பெரிய கொள்முதலாளரும் ரேஷன் கடைக்கு வாங்கும் அரசும் இதை மாற்ற முடியும். நிறத்தைப் பார்க்காமல், கந்தக டை ஆக்சைடு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று ஒவ்வொரு வரத்திலும் மாதிரி எடுத்து அளந்து அதற்கேற்ப விலை கொடுத்தால், பழுப்பு வெல்லம் காய்ச்சுபவருக்கு நஷ்டம் இருக்காது. கரும்பு இனப்பெருக்க நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோயம்புத்தூரிலேயே இருக்கும்போது, கவுந்தப்பாடியிலும் சித்தோட்டிலும் பிலிக்கல்பாளையத்திலும் ஏலக் கூடத்தை ஒட்டி இடத்துக்கொரு சிறு ஆய்வகம் அமைப்பது எட்டாத காரியம் அல்ல.